கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம்

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் கல்லூரிக் கமிட்டிகளைப் பற்றி ஒரு பதிலில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியிலேயே இருந்தவள், மாணவியாக மெஸ் கமிட்டியிலும் ஆசிரியையாக வேறு பல குழுக்களிலும் உட்கார்ந்தவள் என்ற முறையில், இந்த இதழை இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அம்மா, மதுரைப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜூலையில் துறைத்தலைவர் (எச்.ஓ.டி.) கூப்பிட்டு, மாணவர் குறைதீர்க் குழுவுக்கு என் பெயரைக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு தடவை ஆபீஸிலிருந்து ஒரு நோட்டைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போனார்கள். கூட்டம் நடந்ததாகவே எனக்குத் தெரியாது. நோட்டில் "புகார்கள் ஏதும் இல்லை" என்று எழுதியிருந்தது. என் வகுப்பிலேயே மூன்று பேர் ஸ்காலர்ஷிப் பணம் வராமல் அலைந்துகொண்டிருக்கிறார்கள். வீட்டில் கேட்டால் "உனக்கெதுக்கு இந்த வம்பு, படிப்பை முடிச்சிட்டு வா" என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: முதலில், மூன்றாவது தடவை அந்த நோட்டு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். சண்டையெல்லாம் வேண்டாம். "கூட்டம் என்றைக்கு மேடம், நான் வந்து உட்கார்ந்துவிட்டே போடுகிறேன்" என்று சொன்னால் போதும். நடக்காத கூட்டத்துக்குப் போட்ட கையெழுத்து, நாளைக்கு ஏதாவது பிரச்னை என்று வரும்போது உங்கள் பெயரில்தான் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு கொள்முதல் குழுவின் நோட்டில் இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து தணிக்கைக்கு வந்தவர் "இந்த மூன்று கொட்டேஷனையும் நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. பதில் சொல்ல முடியாமல் நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

அடுத்து, நீங்கள் எந்தக் குழுவில் இருக்கிறீர்கள், அதில் உங்கள் இடம் என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு குழுவுக்கும் விதி வேறு. உங்கள் குழு பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2023 ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளின்படி அமைந்தது. ஒரு பேராசிரியர் தலைவர், நான்கு பேராசிரியர்கள் அல்லது மூத்த ஆசிரியர்கள் உறுப்பினர்கள், ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளர். அந்தச் சிறப்பு அழைப்பாளர்தான் நீங்கள். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்கிற கோரம் கணக்கில் உங்களைச் சேர்க்க மாட்டார்கள், உங்கள் பதவிக்காலமும் ஒரு வருடம்தான், மற்றவர்களுக்கு இரண்டு வருடம். இதைப் படித்ததும் மனசு சோர்ந்து போகும், எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒரே ஒரு மாணவர், அதுவும் அழைப்பாளராக மட்டும் என்பது போதாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அழைப்பாளர் என்றால் அழைக்க வேண்டும். அழைக்காமல் கூட்டம் நடத்திவிட்டுக் கையெழுத்து மட்டும் கேட்க அந்த விதியில் இடமே இல்லை.

இன்னொன்று, ஸ்காலர்ஷிப் தாமதம் என்பது அந்த ஒழுங்குமுறைகளிலேயே குறை என்று பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. உங்கள் மூன்று நண்பர்களையும் ஆளுக்கொரு மனு எழுதச் சொல்லுங்கள். வாயால் சொல்வது வேண்டாம். கல்லூரி இணையதளத்தில் புகார் பக்கம் இருந்தால் அதிலும் பதியட்டும். அப்படி ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். புகார் வந்த நாளிலிருந்து கூடியவரை 15 வேலை நாட்களுக்குள் குழு தன் அறிக்கையை அனுப்ப வேண்டும், ஒரு நகல் புகார் கொடுத்த மாணவருக்கும் போக வேண்டும். முடிவு திருப்தி இல்லை என்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம், ஆம்பட்ஸ்பெர்சன் என்பார்களே, அவரிடம் மேல்முறையீடு செய்யலாம். எழுத்தில் மூன்று மனு வந்து, ஆபீஸ் வரவுப் பதிவேட்டில் இன்வர்டு எண் விழுந்த பிறகு "புகார்கள் ஏதும் இல்லை" என்று எழுத எந்த ஆபீஸுக்கும் கை வராது.

கூட்டம் என்று ஒன்று நடந்தால், ஒரே ஒரு தாளோடு போங்கள். மேலே தேதி, கீழே மூன்று விஷயம், ஒவ்வொன்றுக்கும் என்ன வேண்டும் என்று ஒரு வரி. பேசி முடித்ததும் "இதைக் கூட்டக் குறிப்பில், மினிட்ஸில், சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அந்தத் தாளைத் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். நிறையப் பேர் நன்றாகப் பேசிவிட்டு வந்துவிடுகிறார்கள், மினிட்ஸில் ஏறியதா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. மினிட்ஸில் ஏறாத பேச்சு அன்று மாலையே காணாமல் போய்விடும்.

இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்களோ என்ற பயத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்கள் வீட்டார் பயப்படுவது அதற்குத்தான் என்று நினைக்கிறேன். அது வீணான பயம் என்று நான் சொல்ல மாட்டேன். அதனால் முதலில் எச்.ஓ.டி.யிடமே போய், "மேடம், நீங்கள்தான் என் பெயரைக் கொடுத்தீர்கள், ஒழுங்காகச் செய்ய ஆசைப்படுகிறேன், அடுத்த கூட்டத் தேதி தெரிந்தால் நல்லது" என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் கெட்டவர்கள் இல்லை, பத்துக் குழுவில் பெயர் போட்டு, பாடமும் எடுத்து, நாக் தர மதிப்பீட்டு விசிட்டுக்கு ஃபைலும் தயாரித்து ஓய்ந்து போனவர்கள். பொறுப்பாக ஒரு மாணவி வந்து கேட்டால் சந்தோஷப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தோழி ஒருத்தியையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோவையில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு. ஹாஸ்டலில் டிவைடிங் சிஸ்டம். மெஸ் பில் மாதா மாதம் ஏறுகிறது, சாப்பாடு இறங்குகிறது. இந்த செமஸ்டர் என்னை மெஸ் ரெப்பாகப் போட்டிருக்கிறார்கள். மெனு மாற்றுவதைத் தவிர வேறு எதுவும் எங்கள் கையில் இல்லை என்கிறார் முன்னால் இருந்த அண்ணன். உண்மையா?

பதில்: தம்பி, அந்த அண்ணன் மெனுவோடு நின்றிருக்கிறார், அவ்வளவுதான். கல்லூரியில் நான் கற்றுக்கொண்ட சுயாட்சிப் பாடமெல்லாம் மெஸ் கமிட்டியில் கற்றதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிவைடிங் என்றால் அந்த மாதம் மெஸ்ஸுக்கு ஆன மொத்தச் செலவை மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுப்பது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 280 பேர், 30 நாள், ஆக 8,400 நாட்கள். ஊருக்குப் போனவர்களுக்கு ரிடக்‌ஷன் 900 நாள் கழித்தால் 7,500. செலவு 9 லட்சம் என்றால் நாளுக்கு 120 ரூபாய். எல்லோரும் மேலே இருக்கிற 9 லட்சத்தையே பார்க்கிறார்கள், காய்கறி விலை, சிலிண்டர் விலை என்று. கீழே வகுக்கிற அந்த 7,500ஐ யாரும் பார்ப்பதில்லை. தினமும் 20 பேர் கணக்கில் இல்லாமல் சாப்பிடுகிறார்கள் என்று வையுங்கள், ஸ்டாஃப், விருந்தாளி, வெளி ஆள், யாராகவும் இருக்கலாம். அவர்களையும் சேர்த்தால் நாட்கள் 8,100 ஆகிறது, தினக் கட்டணம் 111 ரூபாய்க்கு இறங்குகிறது. ஆளுக்கு மாதம் 260 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அதனால் முதல் வேலை, மெஸ்ஸில் கெஸ்ட் நோட்டு என்று ஒன்று இருக்கிறதா, அதில் தினமும் எழுதுகிறார்களா என்று பார்ப்பது.

இரண்டாவது, ஸ்டோர். எங்கள் ஹாஸ்டலில் 1983ல் நாங்கள் நாலு பெண்கள் முறை வைத்துக்கொண்டு காலை ஐந்து மணிக்கு எழுந்து, அன்றைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு எண்ணெய் ஸ்டோரிலிருந்து வெளியே போகிறது என்று தராசில் நிறுத்து எழுதினோம். முதல் வாரம் சமையல் மாஸ்டர் எங்களோடு பேசவே இல்லை. வார்டன் "படிக்கிற பிள்ளைகளுக்கு இது எதுக்கு" என்றார். மூன்றாவது வாரம் மாஸ்டரே வந்து, சந்தையிலிருந்து வருகிற காயில் கால்வாசி அழுகல், அதை நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை, நீங்கள் எழுதுங்கள் அம்மா என்றார். அதுவரை அவர்தான் திருடுகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். காய் சப்ளை செய்தவரை மாற்றியதும் அந்த மாத பில் இறங்கியது, மாஸ்டருக்கும் கெட்ட பெயர் போனது. இதற்காகத்தான் சொல்கிறேன், யாரையும் குற்றவாளியாக முடிவு செய்துகொண்டு கமிட்டிக்குள் போகாதீர்கள். எடையும் எண்ணிக்கையும் சொல்லட்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு மாதமும் பில்லோடு கூட ஒரு பக்கக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். மளிகை இவ்வளவு, காய்கறி இவ்வளவு, பால் இவ்வளவு, கேஸ் இவ்வளவு, சம்பளம் மெஸ் கணக்கில் வருகிறதென்றால் அது இவ்வளவு, மொத்த நாட்கள் இவ்வளவு. வாட்ஸப் குரூப்பில் போட்டாலும் சரிதான், ஆனால் போர்டில் இருந்தால் சமையற்கட்டு ஆட்களும் பார்ப்பார்கள். இதற்கு வார்டன் ஒத்துக்கொள்ள ஒரு மாதம் பிடிக்கலாம், இரண்டு மாதமும் பிடிக்கலாம். விடாமல் கேளுங்கள். சாம்பாரில் பருப்பு இல்லை என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வார்டன் ரூமுக்குப் போகிற போராட்டத்தை எல்லா பேட்சும் செய்கிறது, அடுத்த நாள் சாம்பார் கெட்டியாக இருக்கும், அடுத்த வாரம் பழையபடிதான்.

கேள்வி: எங்கள் அரசுக் கல்லூரியில் மாணவர் பேரவைத் தேர்தலே கிடையாது. கல்லூரி முதல்வர் அலுவலகமே மார்க்கைப் பார்த்து ஆளைப் போட்டுவிடுகிறது. "தேர்தல் வைத்தால் அடிதடி வரும், கோர்ட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டது" என்கிறார்கள். அப்படி ஒரு தீர்ப்பு இருக்கிறதா?

பதில்: இல்லை. சொல்லப்போனால் நிலைமை அதற்கு நேர் எதிர். உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு ஒன்று, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில், 2006ல் அறிக்கை கொடுத்தது. அதே வருடம் செப்டம்பரில் அந்தப் பரிந்துரைகளைப் பின்பற்றும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் சாதாரணமாகத் தேர்தல் நடத்தியே மாணவர் பிரதிநிதிகளைத் தேர்வு செய்ய வேண்டும் என்பதுதான் அதன் முதல் பரிந்துரை. அமைதியாகத் தேர்தல் நடத்தச் சூழ்நிலை இல்லாத இடத்தில் நியமனம் செய்துகொள்ளலாம், ஆனால் அது இடைக்கால ஏற்பாடு, ஐந்து வருடத்துக்குள் தேர்தலுக்கு மாறிவிட வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. 2006லிருந்து ஐந்து வருடம் எப்போது முடிந்தது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

கட்டுப்பாடுகளும் உண்டு. வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பு 5,000 ரூபாய், வருகைப் பதிவு 75 சதவீதம், போட்டியிடும் வருடத்தில் அரியர் இருக்கக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியது மட்டும், வெளியிலிருந்து அரசியல் கட்சிப் பணம் வரக் கூடாது. அரியர் விதி எனக்கு உறுத்தல்தான், மற்றவர்கள் கஷ்டத்துக்காக ஓடுகிற பிள்ளைகளில் ஒரு பேப்பர் நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் அடிதடிக்குப் பயப்படுகிற முதல்வருக்கு அந்த விதிகள் ஒரு தைரியம். அதைச் சொல்லியே கேளுங்கள்.

வேறு இடங்களில் எப்படி நடக்கிறது என்றும் பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர்களுக்கென்று சட்டமன்றம் மாதிரி ஒரு சபையே இருக்கிறது, மாணவர் செயலாளர்களைக் கேள்வி கேட்க. டெல்லி ஜே.என்.யு.வில் தேர்தலை நடத்துகிற தேர்தல் குழுவே மாணவர்களுடையது. பக்கத்தில் கேரளத்தில் பல்கலைக்கழக செனட்டிலேயே மாணவர் பிரதிநிதிகள் உட்காருகிறார்கள். அங்கேயும் சச்சரவு உண்டு, கைகலப்பும் நடந்திருக்கிறது, ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் பதினெட்டு வயதில் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடலாம், வகுப்புப் பிரதிநிதிக்குப் போடக்கூடாது என்பதை என்னால் ஒருபோதும் ஏற்க முடிந்ததில்லை.

கல்லூரி அளவில் உடனே நடக்காவிட்டால் வகுப்பு அளவில் தொடங்குங்கள். சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டு வகுப்புப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க யார் அனுமதியும் பெரிதாகத் தேவைப்படாது. ஒரு துறையில் அமைதியாக நடந்துவிட்டால் அடுத்த துறை கேட்கும்.

அப்புறம், ஒன்றை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. பாலியல் துன்புறுத்தல் புகார்களைக் கேட்கிற உள்ளகப் புகார்க் குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால், இளநிலை, முதுநிலை, ஆய்வு மாணவர் என்று மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று யு.ஜி.சி.யின் 2015 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்றவர்கள் அந்தக் குழுவில் இருக்கவே கூடாது. உங்கள் கல்லூரிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், அந்த மூன்று பேரை யார் எப்போது தேர்ந்தெடுத்தார்கள் என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம், அரசுக் கல்லூரி என்பதால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: என் மகன் ராகிங் தடுப்புக் குழுவில் மாணவர் உறுப்பினராம். படிப்பு கெடாதா? – ஒரு தந்தை, விழுப்புரம்

பதில்: கெடாது ஐயா. 1996ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகுதான் அடுத்த வருடம் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்த நாட்களில் ஹாஸ்டல் பிள்ளைகளின் பெற்றோர் தூங்காமல் இருந்ததை நான் கண்ணால் பார்த்தவள். இன்றைக்கு அந்தக் குழுவில் போலீஸ், உள்ளூர்ப் பத்திரிகை, பெற்றோர், முதலாண்டு மாணவர், மூத்த மாணவர் என்று எல்லாத் தரப்பும் இருக்க வேண்டும் என்று விதி. ராத்திரி ஹாஸ்டலில் என்ன நடக்கிறது என்று அந்த மேசையில் சொல்லத் தெரிந்தவர்கள் உங்கள் மகன் மாதிரி பிள்ளைகள் மட்டுமே. பெற்றோர் பிரதிநிதி இடம் காலியாக இருக்கிறதா என்று நீங்களும் விசாரியுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். பீடச் சபைக்கு மாணவர் பிரதிநிதியாக நிற்கச் சொல்லி நண்பர்கள் கேட்கிறார்கள். அதால் பயன் உண்டா?

பதில்: நில்லுங்கள். உங்கள் 1978 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் ஒவ்வொரு பீடச் சபையிலும், ஃபேகல்டி போர்டு என்பார்களே, அதில் மாணவர்களே தேர்ந்தெடுத்த இரண்டு மாணவர்களுக்கு இடம் தந்திருக்கிறது. எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவர் ஒருவருக்கு இடம் உண்டு, இப்போது படிக்கிறவருக்குப் பெரும்பாலும் இல்லை. பீடச் சபையில் முடிவாகிற பரிந்துரைகள்தான் மூதவைக்கு, அதாவது செனட்டுக்கு, போகின்றன, ஆகவே விரிவுரை நேரம், பாட அலகு, ஆய்வுகூட வசதி போன்றவற்றை மாணவர் ஒன்றியத்தின் போராட்ட மேடைக்குக் கொண்டுபோகுமுன் அங்கே பேசிப் பார்க்கலாம். இரண்டு பேரும் கூட்டத்துக்கு முந்தைய நாள் ஒன்றாக உட்கார்ந்து நிகழ்ச்சி நிரலை வாசித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: ஏப்ரலில் படிப்பு முடிகிறது. இரண்டு வருடம் கல்லூரியின் தர உறுதிக் குழுவில் (ஐ.க்யூ.ஏ.சி.) மாணவர் பிரதிநிதியாக இருந்தேன். கஷ்டப்பட்டு நூலகத்தை இரவு எட்டு மணிவரை திறக்க வைத்தோம். நாங்கள் போனதும் மறுபடி ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது.

பதில்: பூட்டிவிடுவார்கள், நீங்கள் எதையும் விட்டுவிட்டுப் போகாவிட்டால். ஆசிரியர் முப்பது வருடம் இருப்பார், ஆபீஸ் இருக்கும், மாணவர் மட்டும் இரண்டு மூன்று வருடத்தில் போய்விடுவார், அதனால் ஒவ்வொரு பேட்சும் முதலிலிருந்து தொடங்குகிறது. மாணவர் கமிட்டிகளின் பெரிய பலவீனம் இதுதான் என்று நான் நினைக்கிறேன், அதிகாரம் இல்லாததைவிடவும் பெரியது.

இப்போதே ஒரு ஃபைல் போடுங்கள். நூலக நேரத்துக்கு நீங்கள் கொடுத்த முதல் மனு, எத்தனை பேர் கையெழுத்து, எந்தத் தேதிக் கூட்டத்தில் பேசினீர்கள், மினிட்ஸில் அந்த வரி எந்தப் பக்கம், முதல்வர் போட்ட சர்க்குலரின் எண், இரவு ஷிஃப்டுக்கு ஊழியரை எப்படி ஏற்பாடு செய்தார்கள், அதற்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது. மறுத்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள், ஏனென்றால் அடுத்த வருடமும் அதே காரணத்தைத்தான் சொல்வார்கள். மாலையில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று நூலக வருகைப் பதிவேட்டிலிருந்து ஒரு மாத எண்ணிக்கை எடுத்து வையுங்கள், மற்ற எல்லாவற்றையும்விட அந்தத் தாள்தான் பேசும். பிறகு முதலாண்டு, இரண்டாமாண்டிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, முடிந்தால் அடுத்த கூட்டத்துக்குத் தலைவரின் அனுமதியோடு ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள், நூலகரிடம் அறிமுகப்படுத்தி வையுங்கள். ஃபைலின் ஒரு பிரதி நூலகரிடமும் இருக்கட்டும், எட்டு மணிவரை விளக்கு எரிய வேண்டும் என்று ஆசைப்படுகிற ஆள் ஆபீஸ் பக்கத்திலும் ஒருவராவது வேண்டும். நூலகத்துக்குப் பெண் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள் என்றால் அந்த இரண்டு பேரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், எட்டு மணிக்கு அப்புறம் பஸ் ஸ்டாப் வரை யார் துணை என்ற கேள்வியை அவள்தான் கேட்பாள். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லையென்றால் ஏப்ரலுக்குள் ஒரு மனு போட முடியுமா பாருங்கள்.